அக்காவுக்கு ஒரு பெரணி

எந்த இலையைக் கண்டாலும் அவள் புரட்டிப் பார்ப்பாள். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். இவள் வாசலில் தொட்டிச் செடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்புவாள். "பூச்சி கீச்சி எல்லாம் கிடையாதும்மா, நல்ல செடி" என்று வீட்டுக்காரர் பதறுவார். பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்தது பிளாஸ்டிக் பெரணி. அதையும் திருப்பினாள். செய்தவன் மெனக்கெட்டு அடிப்பக்கத்தில் புள்ளிகள்கூட வார்த்திருந்தான், ஆனால் நரம்போடு சேராமல் இஷ்டத்துக்கு. "இது தப்பும்மா" என்று வரவேற்புப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண், "அடுத்தது நீங்கதான், உள்ள போங்க" என்றாள்.

அலுவலகத்தில் ஒரு விழா. சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த பூங்கொத்திலிருந்து ஒரு பச்சை இலையை உருவி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய லென்ஸை அதன் முதுகில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்து வாக்கியத்தை மறந்துவிட்டார். அன்றிலிருந்துதான் 'லென்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னவர்களுக்கு 'லென்ஸ் அக்கா'. கடைசியில் வீட்டுக்குப் பால் போடுகிறவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கிறுக்குத்தனம் ஒன்றும் இல்லை. பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. அது யார், எந்தக் குடும்பம், யாரோடு உறவு என்பதையெல்லாம் இலைக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறது. விதைக்குப் பதில் தூள் வைத்திருக்கிற, துருப்பிடித்த மாதிரிப் பழுப்பான வித்துப் பைகள் வட்டமாக இருக்கின்றனவா, கோடாக ஓடுகின்றனவா, ஓரத்திலா நடுவிலா, மேலே மூடி உண்டா இல்லையா என்று பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும். மேலே பார்த்துவிட்டு அழகாயிருக்கிறது என்று சொல்லிப் போகிறவர்களுக்கு அது வெறும் பச்சை.

அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் கிடையாது. அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு. ஒரே மேசை. அதன் ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் இவள். பத்தாம் வகுப்பில் அக்கா எடுத்த மதிப்பெண்ணை அந்த மேசையில் பிறகு யாரும் தாண்டவில்லை, இவளும் தாண்டவில்லை. அந்த வருடம்தான் அப்பாவின் முதுகு போனது. அக்கா ஒருநாள் காலையில் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு அட்டைப்பெட்டி கம்பெனிக்குக் கிளம்பினாள். "உக்காந்து படிச்சா எனக்கு இடுப்பு வலிக்குதுடி, நின்னுட்டே செய்யற வேலைதான் எனக்கு லாயக்கு" என்றாள். பொய் என்று தங்கைக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பிற்காலத்தில் யாராவது அவளைப் பாராட்டினால் முதலில் ஞாபகம் வந்தது அந்தப் புத்தகம் நகர்ந்த சத்தம்.

கல்லூரியில் சேர்க்கும்போது நேர்முகத்தில் கேட்டார்கள்: "உங்க வீட்ல படிச்சவங்க யாரு?"

"இருக்காங்க. இப்ப பெட்டி மடிச்சிட்டிருக்காங்க" என்றாள். கேட்டவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க வேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை.

செடியைக் காய வைப்பதற்கு அட்டை வேண்டும். நடுவில் நெளிநெளியாக ஓட்டை ஓடுகிற அட்டை. செய்தித்தாளில் செடியைப் பரப்பி, மேலும் கீழும் அட்டை வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டினால், அந்த ஓட்டை வழியாகச் சூடான காற்று புகுந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். கடையில் வாங்கக் கட்டுப்படியாகாது. அக்கா கம்பெனியில் வெட்டு மிச்சத்தைக் கேட்டு வாங்கி, ஒரே அளவாக நறுக்கி, மாதா மாதம் கட்டுக் கட்டாக அனுப்பினாள். கல்லூரி முடிந்து ஆராய்ச்சிக்கு வந்த பிறகும் அனுப்பினாள். வேலையில் சேர்ந்த பிறகும் அனுப்பினாள். "நிறுத்தேன்க்கா, இங்கயே குடுக்கறாங்க" என்றால், "அது தேறாது, நம்ம அட்டைதான் தேறும்" என்பாள். தங்கை காய வைத்த ஒவ்வொரு செடிக்கும் அடியில் அக்காவின் அட்டை இருந்தது.

வேலை, உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நீளமான கூடம், இருபக்கமும் இரும்பு அலமாரி, அந்துருண்டை வாசம். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் அது தலைமுடியை விட்டுப் போகாது. வருடத்துக்கு வருடம் நீட்டிக்கப்படுகிற தற்காலிக வேலை. பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

தலைவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குப் பெயர்கள் பெருகினால் பிடிக்காது. பத்து செடியைக் கொடுத்தால், இது எல்லாம் ஒன்றுதான், மழையில் வளர்ந்தது கொஞ்சம் நீளம், வெயிலில் வளர்ந்தது கொஞ்சம் குட்டை என்று ஒரே பெயருக்குள் தள்ளிவிடுவார். இவள் அதே பத்தைக் கையில் எடுத்தால் மூன்றாகப் பிரிப்பாள். கட்டடத்து வேனை ஓட்டுகிற டிரைவர் அண்ணன் இருவருக்கும் பட்டம் கட்டினார்: அவர் 'மொத்த வியாபாரி', இவள் 'சில்லறை வியாபாரி'.

"சில்லறைக்காரம்மா, இன்னைக்கு எத்தனை பிரிச்சீங்க?"

"ரெண்டு அண்ணே."

"மேல போனா ஒன்னாக்கிடுவாரு, பாருங்க."

பெரும்பாலும் ஆக்கிவிடுவார். அவள் மறுநாள் மறுபடி பிரித்து அவர் மேசைமேல் வைப்பாள்.

அந்தச் செடி கிடைத்தது ஒரு மலைப்பாதை வளைவில். அடித்த மழையில் வேனின் கண்ணாடித் துடைப்பான் நின்றுபோய், டிரைவர் அண்ணன் இறங்கி அதை ஆட்டிக்கொண்டிருந்தார். இவள் சும்மா இருக்கமாட்டாமல் ஓரத்து மரத்துக்குப் போனாள். அடிமரம் முழுக்கப் பாசி. பாசிக்குள் கயிறு மாதிரிப் படர்ந்திருந்தது ஒரு பெரணியின் தண்டு, பொத்தான் பொத்தானாக உருண்டை இலைகளோடு. அது ஊரெல்லாம் கிடைக்கிற சாதாரணக் கொடிப் பெரணி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அந்த உருண்டை இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரே ஓர் இலை மட்டும் நாடா மாதிரி நீளமாகத் தொங்கியது. புரட்டினாள். இலையின் ஓரத்தில் மெல்லிய பள்ளம் வெட்டி, அதற்குள் வித்துப் பைகள் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோடாகப் புதைந்திருந்தன. அந்தக் கொடிக் குடும்பத்தில் யாருக்கும் அப்படிக் கிடையாது. மழை கண்ணில் இறங்கியது. லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"கெளம்பலாமாம்மா? வண்டி ரெடி!"

பாசியோடு பிய்த்துப் பைக்குள் போட்டாள். விடுதிக்கு வந்து பிரித்தபோது எல்லாம் குழைந்து கிடந்தது. நீள இலை தனியாக விழுந்திருந்தது. தண்டில் ஓரிடத்தில், இலை விழுந்து காலியான குட்டி முளை ஒன்று இருந்தது. நீள இலையின் காம்பை அந்த முளையில் வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தது. அப்படியே அக்காவின் அட்டைக்கு நடுவில் வைத்து இறுக்கினாள். காய்ந்த பிறகு, வெள்ளைத் தாளில் தன் கையாலேயே ஒட்டி, காம்பும் முளையும் சேருகிற இடத்தின் குறுக்கே பசைப்பட்டை ஒன்றைப் போட்டாள், ஆடாமல் இருக்க.

கொடியின் தண்டு, ஓரத்தில் புதைந்த கோடு. இந்த இரண்டும் ஒரே செடியில் இருந்தால் அது எந்தப் பேரினத்திலும் அடங்காது. புதிதாக ஒரு பேரினமே எழுத வேண்டும். புதுச் சிற்றினம் என்பது இருக்கிற வீட்டில் ஒரு பிள்ளை கூடுவது போல. புதுப் பேரினம் என்றால் புது வீடு.

தலைவர் சிரித்தார். "ஒரு இலை கெடைச்சா ஒரு பேரினமா? ஒரு கட்டு கெடைச்சா என்ன பண்ணுவ, தனி உலகமா?"

"ஒரு கட்டு கெடைச்சா ஒரு கட்டையும் புரட்டுவேன் சார்."

"ஒரே இலைம்மா. ஒத்தை இலை. நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன காட்டுவ?"

"அதையேதான் காட்டுவேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் அந்த மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போனாள். உருண்டை இலைக் கொடி இருந்தது, நீள இலை வரவேயில்லை. பருவம் இல்லை, அடுத்த மழைக்கு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மொத்த வியாபாரியிடம் அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் ஒவ்வொரு தடவையும் புது ஆதாரத்தோடு போய் மல்லுக்கு நின்றாள். நரம்பு வரைந்து காட்டினாள், தண்டின்மேல் இருக்கும் செதிலைப் பெரிதாக்கிக் காட்டினாள். அவர் இருமல் வந்து படுத்திருந்தபோது வீட்டுக்கே போய்க் காட்டினாள். வருடங்கள் போயின. மரபணுவைப் படிக்கும் எந்திரமெல்லாம் அந்தக் கட்டடத்துக்கு வராத காலம். கண்ணும் லென்ஸும்தான் சாட்சி. கடைசியில் கடல் தாண்டி இருந்த ஒரு பெரணி நிபுணர் அவளுடைய வரைபடங்களைப் பார்த்துவிட்டு 'எழுதுங்கள்' என்றார். அதன் பிறகு தலைவரும், "சரி, எழுதுவோம்" என்றார். அந்த 'வோம்' அவளுக்கு உறைத்தது. ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் கட்டுரை வெளியே போகாது. இரண்டாவது பெயராக அவரைப் போட ஒத்துக்கொண்டாள்.

அடுத்த சண்டை பெயருக்கு.

பேரினத்துக்கு யார் பெயரையும் வைக்கலாம், தன் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. தலைவருக்குத் தன் பேராசிரியரின் பெயர் வேண்டும். கிழவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு விழா எடுத்து அறிவிக்கலாம் என்று யோசனை.

"அவர் பெரணி எதுவும் செஞ்சதில்லையே சார்."

"அதனால என்ன? பெரிய மனுஷர். நீ யாரை நெனச்சிருக்க?"

"எங்கக்காவை."

"எந்த யூனிவர்சிட்டி?"

"அட்டைப்பெட்டி கம்பெனி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளையாடாத. உலகம் பூரா படிப்பாங்க. ஒரு பெட்டி மடிக்கிற பொம்பளை பேரையா வெப்ப?"

"ராஜாக்கள் பேரெல்லாம் வெச்சிருக்காங்களே சார். அவங்க ஒரு பெட்டிகூட மடிச்சதில்லை."

"ரூல்னு ஒன்னு இருக்கு..."

"இருக்கு. படிச்சுட்டேன். மொத பேரு என்னுது. பேரு வெக்கிறது நான்." அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "உங்களுக்கு வேண்டாம்னா உங்க பேரை எடுத்துடறேன் சார், எங்கக்கா பேரை எடுக்க மாட்டேன்."

அவர் தன் பெயரை எடுக்கவில்லை. அக்காவின் பெயருக்கு ஒரு லத்தீன் வால் முளைத்து, அது தட்டச்சில் சாய்வெழுத்தாக உட்கார்ந்தது. செடி ஒட்டிய தாளின் மூலையில் ஒட்டும் அடையாளச் சீட்டிலும் அந்தப் பெயரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

அக்காவிடம் ஃபோனில் சொன்னபோது மறுமுனையில் எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. என்ன செடிடி அது? சமைக்கலாமா?"

"முடியாது."

"பூ பூக்குமா?"

"பூக்காது."

"எனக்குன்னு பாத்து எடுத்திருக்க பாரு" என்றாள். அதற்குள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் யாரிடமோ கத்தினாள்: "ஏய், எந்திரத்தை நிறுத்துங்கடி, ஒரு சேதி!"

கம்பெனியில் அதன் பிறகு அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'பெரணி' என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "தண்ணி ஊத்தவா?" என்று கேட்டார்கள். வெயிலில் நின்றால், "உள்ள வா, வாடிடுவ" என்றார்கள். மேற்பார்வையாளர்கூட ஒருநாள், "லத்தீன்ல எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாராம். இதையெல்லாம் அக்கா அலுத்துக்கொள்கிற மாதிரி ஒன்று விடாமல் தங்கையிடம் சொன்னாள்.

பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு படம் மட்டும் கூடுதலாகக் கேட்டது. நீள இலையின் காம்பு தண்டோடு சேருகிற இடம், அருகில் எடுத்த படம். அந்த இடத்தின் மேல்தான் பசைப்பட்டை இருந்தது.

ஈரப் பஞ்சை வைத்துக் காத்திருந்தாள். பசை இளகியதும் இடுக்கியால் பட்டையை உரித்தாள். லென்ஸை வைத்தாள்.

அந்தக் கொடிக் குடும்பத்தில் இலை பழுத்தால் மூட்டு கழன்று விழும். சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற மாதிரி சுத்தமாக. தண்டில் வழவழப்பான வட்டத் தழும்பு நிற்கும், காம்பின் அடியிலும் அதே வட்டம் இருக்கும். தண்டின் முளையில் வட்டம் இருந்தது. காம்பின் அடியில் வட்டம் இல்லை. அது பிய்ந்திருந்தது. நாலைந்து நார் வெளியே நீட்டிக்கொண்டு, கயிறு அறுந்த மாதிரி. மூட்டே இல்லாத வேறு ஏதோ ஒரு பெரணியின் காம்பு. அதே பாசிக்குள் ஒளிந்து வளர்ந்திருந்த இன்னொரு செடி. மழையில் இரண்டையும் சேர்த்துப் பிய்த்திருக்கிறாள். விடுதி விளக்கில் ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் ஒட்ட வைத்திருக்கிறாள்.

கொடி, ஊரெல்லாம் கிடைக்கிற கொடிதான். பேரினம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். மறுபடி பார்த்தாள். நார் அப்படியேதான் இருந்தது. நீள இலை மட்டும் யார் என்று தெரியவில்லை. தெரிந்த எந்தச் செடியோடும் அதைப் பொருத்த முடியவில்லை. ஆனால் தண்டும் செதிலும் இல்லாத ஒற்றை இலையை வைத்து எந்தப் பெயரும் வைக்க முடியாது.

தலைவரிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் லென்ஸில் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை.

"பட்டையைத் திருப்பி ஒட்டிடு" என்றார்.

"சார்?"

"கோணத்தை மாத்திப் படம் எடுக்கச் சொல்லு. யாரு வந்து நனைச்சுப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே சார்."

"நீதானேம்மா இத்தனை வருஷம் என் உசுரை எடுத்த, இது தனி, இது தனின்னு? இப்ப நான் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இந்த அலமாரியில எத்தனை தாள் இப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாம இருக்கிற வரைக்கும் எல்லாரும் சௌக்கியம்." பிறகு குரலை இறக்கி, உண்மையான அக்கறையோடு சொன்னார்: "உங்கக்காவுக்குன்னு எங்கிட்ட அவ்வளவு சண்டை போட்ட. இப்ப நீயே உன் கையால அழிக்கப் போறியா?"

அது சரியாக அடிபட வேண்டிய இடத்தில் அடித்தது. அவள் வெளியே வந்தாள். பேருந்தில் உட்கார்ந்து யோசித்தாள். தலைவருடைய பேராசிரியர் பெயரை வைத்திருந்தால் நான் ஒரு நொடியாவது தயங்கியிருப்பேனா? மாட்டேன். ஓடிப்போய் உடைத்திருப்பேன், சந்தோஷமாக. அப்படியென்றால் என்னுடைய நேர்மை என்பது யார் பெயர் என்பதைப் பொறுத்ததா? இந்தத் தயக்கம் அக்காவுக்காகவா, அல்லது மேசையில் அன்றைக்குப் புத்தகத்தை நகர்த்தியதற்கு ஒரு பெயரைக் கொடுத்துக் கணக்கு முடிக்கப் பார்த்தேனா? பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும் என்றால் எதையுமே செய்ய முடியாது என்று மட்டும் தெரிந்தது. இறங்கி, கம்பெனிக்குப் போகிற பேருந்தில் மாறி ஏறினாள்.

ஷிஃப்ட் விட்டு ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் முன்கையெல்லாம் அட்டைத் தூள். "என்னடி, அட்டை தீந்துடுச்சா?" என்று கேட்டவள் முகத்தைப் பார்த்ததும் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

சொன்னாள். மூட்டு, நார், இரண்டு செடி, எல்லாம்.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப செடி இல்லையா?"

"நாம நெனச்ச செடி இல்ல."

"என்னைக் கேக்காமயே வெச்ச. இப்ப என்னைக் கேக்காமயே எடுக்கற."

"கேக்கத்தான் வந்தேன்க்கா."

"என்ன கேக்கப் போற? மூடி மறைச்சிடவான்னா? நான் வேண்டாம்னு சொன்னா நல்லவ, சரின்னா திருடி. நல்லா கேட்ட போ!" அக்காவின் குரல் ஏறியது. அந்தப் பக்கம் போனவர்களில் ஒருத்தி, "பெரணி, வரலையா?" என்று கூப்பிட்டாள். அக்கா திரும்பவில்லை. "நாளைக்கு இவளுங்ககிட்ட நான் என்ன சொல்றது? வாடிப்போச்சுன்னு சொல்லவா?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அழுதால் அக்கா சமாதானம் செய்ய வேண்டிவரும், அந்த வேலையையும் அவள் தலையில் கட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அக்கா முந்தானையை உதறிவிட்டுக் கேட்டாள்: "அந்த நீள இலை? அது நெசமா?"

"அது நெசம். ஆனா எந்தச் செடின்னு தெரியல. முழுச் செடி கெடைச்சாதான் பேரு வெக்க முடியும்."

"அப்ப போய்த் தேடு." அக்கா விரலை நீட்டினாள். "ஒட்டுப் போட்டதுக்கெல்லாம் என் பேரை வெக்காத. பத்தாவதுல நான் ஒட்டுப் போட்டா மார்க் வாங்கினேன்? முழுசா ஒன்னு கொண்டா. வேரோட, தண்டோட. கொண்டாந்து அப்புறம் வை. அதுவரைக்கும் நீ எனக்குக் கடன். கழிஞ்சிடுச்சுன்னு மட்டும் நெனச்சுக்காத."

"இல்லக்கா."

"இவளுங்களை நான் பாத்துக்கறேன். நீ அந்த ஆளைப் பாத்துக்கோ."

மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினாள், காரணத்தோடு, தன் பிழை என்று தெளிவாக. தலைவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் கையெழுத்து இல்லாமலே அனுப்பினாள். பிறகு தாளைப் பிரித்தாள். கொடியை ஒரு தாளில், நீள இலையை ஒரு தாளில். இரண்டிலும் புதுச் சீட்டு ஒட்டினாள்: இவை இரண்டும் முன்பு என்னால் தவறாக ஒரே செடியாக ஒட்டப்பட்டவை. கீழே முழுக் கையெழுத்து.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் ஒருமுறை ஒட்டிய அடையாளச் சீட்டை, அது தப்பென்று தெரிந்தாலும், யாரும் கிழிப்பதில்லை. திருத்துகிறவர் தன் சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார், பழையதும் அங்கேயே இருக்கும். தலைவர் அலமாரியைத் திறந்து, அக்கா பெயர் இருந்த பழைய சீட்டைச் சுரண்டப் போனார்.

"வழக்கம் இல்ல சார்" என்றாள்.

"அப்படி ஒரு பேரே இப்ப இல்லம்மா!"

"இருந்துச்சுன்னு இருக்கட்டும். என் தப்பு தெரிஞ்சா பரவாயில்ல. அந்தப் பேருமேல பிளேடு படக் கூடாது." அலமாரிக் கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள். டிரைவர் அண்ணன் ஏதோ சாவி கொடுக்க வந்தவர், அங்கேயே நின்றுவிட்டார். தலைவர் பிளேடை மேசைமேல் வைத்துவிட்டு இருமிக்கொண்டே போனார்.

"சில்லறைக்காரம்மா, சொந்தக் கடையையே பூட்டிட்டீங்களே" என்றார் டிரைவர் அண்ணன்.

"போலிச் சரக்கை எடுத்துட்டேன். கடை இருக்கு அண்ணே."

அந்த வருடம் அவளுக்கு நீட்டிப்பு வரவில்லை. டியூஷன் எடுத்தாள். ஒரு பள்ளியில் பாதி நாள் வேலை பார்த்தாள். தலைவர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்த பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார்கள், நிரந்தரமாக. இடையில் ஒரு மழையையும் அவள் விடவில்லை. சொந்தச் செலவில் பேருந்து ஏறி மலைப்பாதைக்குப் போனாள். சாலையை அகலமாக்கியதில் அந்த மரம் போய்விட்டது. வெட்டிய இடத்தில் சிமென்ட் சுவர். அவள் அக்கம்பக்கத்து மரங்களைப் பார்த்தாள், அடுத்த சரிவைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். அட்டைப்பூச்சி கடித்துக் காலெல்லாம் தழும்பு. வேறு நல்ல செடிகள் கிடைத்தன. சிலவற்றுக்குப் பெயரும் வைத்தாள். ஒன்றுக்கு டிரைவர் அண்ணன் பெயர். அவர் அதைத் தன் பேத்தியிடம் சொல்லியும் அவள் நம்பவில்லை என்று வருத்தப்பட்டார். அக்கா பெயரை மட்டும் வேறு எதற்கும் வைக்கவில்லை. வைத்திருக்கலாம். அக்காவே ஒருமுறை கேட்டாள், "கையில இருக்கிறதுல ஒன்னுக்கு வெச்சுத் தொலைச்சா என்னடி?"

"அது கழிக்கிறது ஆகாதுக்கா. ஏமாத்தறது ஆகும்."

"பார்றா!" என்று அக்கா சிரித்தாள். கம்பெனியில் அவளை இன்னும் 'பெரணி' என்றுதான் கூப்பிட்டார்கள். என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று தங்கை கேட்டதில்லை. ஒருநாள் அக்காவோடு வேலை செய்கிற ஒருத்தியே சொன்னாள்: "உங்கக்கா செடி இன்னும் காட்டுலதான் இருக்காம், யாருக்கும் மாட்டலையாம். அப்படித்தான் அது பீத்திக்கும் மேடம்."

இவளும் ஓய்வு பெறும் நாள் வந்தது. புது எழுத்தர் ஒரு படிவத்தோடு வந்தார். நூலகம், கிடங்கு, கணக்குப் பிரிவு எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், இவளிடமிருந்து நிலுவை எதுவும் இல்லை என்று. கடைசியில் இவள் போட வேண்டும்: என் பொறுப்பில் முடிக்கப்படாதது ஒன்றும் இல்லை.

"அப்படிப் போட முடியாதே தம்பி" என்றாள்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம்."

"ஒரு தாள் பாக்கி இருக்கு. ஒத்தை இலை. பேரு வெக்கல."

"அதை அடுத்தவங்க பாத்துக்குவாங்க மேடம்."

"அது அடுத்தவங்க கடன் இல்ல." பேனாவை எடுத்து, அச்சடித்த வரியை அடித்துவிட்டு, 'ஒரு பெயர் நிலுவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் புதுப் படிவம் கொண்டுவந்தார். அதிலும் அப்படியே எழுதினாள். மேலே இருந்து ஒருவர் இறங்கி வந்து, பென்ஷன் தாமதமாகும், வம்பு வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்து என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று படிவத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வழியனுப்பக் கொடுத்த பூங்கொத்திலிருந்த இலையைப் பழக்க தோஷத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலிலேயே அக்காவின் ஃபோன். முழங்கால் போய்விட்டது, வர முடியவில்லை, விழா எப்படி, பேச்சு நன்றாக இருந்ததா என்றெல்லாம் கேட்டாள். இவள் படிவக் கதையைச் சொன்னாள்.

"எனக்கு வர வேண்டியது வந்துடுச்சுன்னா எழுதச் சொல்றாங்க?"

"அதான்க்கா. கையெழுத்துப் போட்டாதான் எல்லாம் நகருமாம்."

"போட்டுட்டியா?"

"இல்ல."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"போடாத" என்றாள்.